எண்பத்தைந்தாம் பாகைக்கு அப்பால் ஒரு கடற்காப்பகம்

வாழைச்சேனைத் துறைமுகத்தை விட்டு வெளிக்கிடும் பலநாள் படகு நேர் கிழக்கே ஓடிக்கொண்டே இருந்தால், ஜிபிஎஸ் திரையில் நெட்டாங்கு 85 பாகையைத் தொட்டுக் கொஞ்சத் தூரத்தில் இலங்கையின் கடல் முடிந்துவிடும். சரியான எண் இடத்துக்கு இடம் மாறும். நாட்டின் கிழக்குக் கோடி அம்பாறை மாவட்டத்துச் சங்கமன்கண்டி முனை. அதற்கு நேரே கோடு சற்று வெளியே தள்ளி நிற்கும். மட்டக்களப்புக்கு நேரே சற்று உள்ளே வரும். கரையிலிருந்து 200 கடல் மைல், கிலோமீற்றரில் 370.4. அங்கே மிதவை கிடையாது, நீரின் நிறமும் மாறாது. படகைச் செலுத்தும் தண்டையலுக்குத் தெரிவது திரையிலுள்ள இலக்கங்கள் மட்டும்தான். அந்தக் கோட்டுக்கு வெளியே ஒரு கடற்காப்பகம் கேட்டுக் கோப்பு எழுதுவது எப்படி என்பதே இங்கே பேச்சு.

சொல் ஒன்றை முதலில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆழ்கடல் என்றால் கரை மறைந்த கடல். நாற்பது மைலில் நின்று வலை விடுகிறவரும் ஆழ்கடல் தொழில்காரர்தான். சட்டத்தின் கணக்கு வேறு. 12 மைல் வரை நாட்டின் ஆட்புலக் கடல், 200 மைல் வரை தனிப் பொருளாதார வலயம், அதற்கும் வெளியே இருப்பதே சர்வதேசக் கடல். உலகக் கடற்பரப்பில் ஏறத்தாழ 64 சதவீதம் இப்படி எந்த நாட்டுக்கும் உரித்தில்லாத நீர். வங்காள விரிகுடாவின் நடுவிலும் அதில் ஒரு துண்டு கிடக்கிறது. மேற்கே எங்கள் 85 பாகை; கிழக்கே 89 பாகையை அண்டி நிக்கோபாரின் 200 மைல் தொடங்குகிறது. இடையில் நான்கு பாகை அகலம், கிட்டத்தட்ட 240 கடல் மைல். தெற்குப் பக்கம் அது இந்து சமுத்திரத்தோடு திறந்தபடி கலந்துவிடும்.

இந்தத் துண்டில் காப்பாற்ற என்ன இருக்கிறது? இரண்டு விடயங்களை உறுதியாகச் சொல்லலாம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், 7 பாகை வடக்கு, 85 பாகை கிழக்கை மையமாக வைத்துக் கடல் இடப்பக்கமாகச் சுழல்கிறது. அந்தச் சுழற்சியின் நடுவில் அடியிலுள்ள குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேல்நோக்கிக் குமிழாக எழும்புகிறது. கடலியலாளர் இதை இலங்கைக் குமிழ் என்ற பொருளில் பெயரிட்டு அழைக்கிறார்கள். மே மாதமளவில் தோன்றி, மெல்ல மேற்கே நகர்ந்து, செப்டெம்பரோடு கலைந்துவிடும். அதன் மையம் கிடக்கும் இடத்தைப் பாருங்கள்: நாட்டின் கோடு அதை ஏறக்குறைய நடுவால் வெட்டுகிறது. இரண்டாவது, பங்குனி ஆமையின் வழி. ஒடிசாவின் ககிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் ஆயிரக்கணக்கில் ஏறி முட்டையிடும் ஆமைகள் விரிகுடாவினூடாக இலங்கைப் பக்கம் இறங்குகின்றன. 2015 மார்ச்சில் கொழும்பில் நடந்த உயிரியற் பல்வகைமை சமவாயத்தின் பிராந்தியப் பட்டறையில், வங்காள விரிகுடாவின் பங்குனி ஆமை இடம்பெயர் பாதை சூழலியல் முக்கியத்துவம் கொண்ட பிரதேசமாக விபரிக்கப்பட்டது. திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கும் அதே பட்டறையில் வந்ததுதான்.

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். விபரிப்பது வேறு, காப்பது வேறு. அந்தப் பட்டியலில் ஏறியதால் ஒரு தூண்டிலும் தடைப்படவில்லை, ஒரு கப்பலும் வழி மாறவில்லை. அது காப்பகம் கேட்டு எழுதும் கோப்புக்கான கச்சாப்பொருள், அவ்வளவே.

கரையோரத்தில் வேலை எளிது. காயான்கேணியில் 2019இல் கடல் சரணாலயம் பிரகடனமானபோது தேவைப்பட்டது ஒரு சட்டம், ஒரு திணைக்களம், ஒரு வர்த்தமானி. எல்லை மீறினால் யார் பிடிப்பது, எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். (அதன்பிறகும் பவளம் உடைகிறதே என்று கேட்டால், அது தனிக் கட்டுரைக்கான சங்கதி.) 200 மைலுக்கு வெளியே வர்த்தமானி அச்சிட ஆளில்லை. அங்கே ஒரு படகின் மீது அதிகாரம் அதன் கொடி நாட்டுக்கு மட்டும். ஐஎம்யுஎல் என்று தொடங்கும் பதிவிலக்கத்தை முகப்பில் தாங்கிய படகு எங்கே மிதந்தாலும் இலங்கைச் சட்டத்தின் கீழ். பக்கத்தில் நிற்கும் தாய்வான் கப்பல் தாய்வானின் சட்டத்தின் கீழ். இருவரையும் ஒரே விதிக்குள் கொண்டுவர நாடுகள் உடன்பட்டாக வேண்டும்.

அப்படி உடன்பட்டு முன்பே சில காப்பகங்கள் அமைந்திருக்கின்றன. மத்தியதரைக் கடலில் பிரான்ஸ், இத்தாலி, மொனாக்கோ மூன்றும் 1999இல் கையெழுத்திட்ட பெலாகோஸ் சரணாலயம், 87,500 சதுர கிலோமீற்றர். தென் ஒர்க்னித் தீவுகளுக்குத் தெற்கே 2009இல் அந்தாட்டிக் கடல்வாழ் வளங்களுக்கான ஆணைக்குழு தீர்மானித்தது, சுமார் 94,000 சதுர கிலோமீற்றர். எல்லாவற்றிலும் பெரியது ரொஸ் கடல்: 2016 ஒக்டோபரில் ஹோபார்ட் நகரில் 24 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒருமனதாக ஏற்று, 2017 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. 15.5 இலட்சம் சதுர கிலோமீற்றர். அதில் ஏறத்தாழ 72 சதவீதத்தில் மீன்பிடி முற்றாக இல்லை. மீதியில் ஆய்வுக்காக மட்டுப்படுத்திய மீன்பிடி உண்டு. ஒருமனதுக்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். வருடக்கணக்கில் இழுபட்டது, பரப்புச் சுருங்கியது, கடைசியில் 35 வருடம் என்று ஆயுளும் குறிக்கப்பட்டது. 2052இல் அது காலாவதியாகும். நூறு வயதைத் தாண்டும் திமிங்கிலங்கள் நீந்தும் கடலுக்கு 35 வருடப் பாதுகாப்பு! கிழக்கு அந்தாட்டிக்காவுக்கும் வெடல் கடலுக்கும் கொண்டுவந்த முன்மொழிவுகளோ ஒருமனது கிடைக்காமல் ஆண்டுக்காண்டு திரும்பிப் போய்க்கொண்டிருக்கின்றன.

வட அத்திலாந்திக்கில் நடந்தது இன்னொரு பாடம். வட கிழக்கு அத்திலாந்திக்கின் கடற்சூழலைக் காப்பதற்கான ஒஸ்பார் ஆணைக்குழு 2010இல் ஆறு காப்பகங்களை அறிவித்தது. ஆனால் ஒஸ்பாருக்கு மீன்பிடியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கிடையாது. அது வட கிழக்கு அத்திலாந்திக் மீன்பிடி ஆணைக்குழுவிடம். கப்பல் போக்குவரத்து லண்டனிலுள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம், கடலடிக் கனிமம் ஜமெய்க்காவின் கிங்ஸ்டனிலுள்ள கடலடி அதிகாரசபையிடம். வளவு ஒருவருடையது, கிணறு மற்றவருடையது, தென்னை மூன்றாமவருடையது என்ற கதைதான். மீன்பிடி ஆணைக்குழு தன் பக்கத்தில் அடித்தள இழுவலையை மூடியிருந்த இடங்களில் காப்பகம் உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் அது வரைபடத்து நிறம்.

இந்தக் குழப்பத்துக்குள் ஒரு பொது வாசலைத் திறப்பதற்காக வந்ததே பிபிஎன்ஜே ஒப்பந்தம். தேசிய நியாயாதிக்கத்துக்கு அப்பாற்பட்ட கடலின் உயிரியற் பல்வகைமை பற்றியது. பலர் ஆழ்கடல் உடன்படிக்கை என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நியூயோர்க்கில் 2023 ஜூன் 19இல் ஏற்கப்பட்டது. 60 நாடுகள் உறுதிப்படுத்தினால் அதிலிருந்து 120ஆம் நாள் நடைமுறைக்கு வரும் என்பது விதி. 2025 செப்டெம்பர் 19இல் 60 நிறைந்தது. 2026 ஜனவரி 17இல் நடைமுறைக்கு வந்தது. முதல் தரப்பு நாடுகள் மாநாடு அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் கூட வேண்டும். கடற் சட்டத்தில் எங்கள் நாட்டுக்குப் பழைய உறவு ஒன்று இருப்பதையும் சொல்லிவைக்கலாம். 1973இல் தொடங்கிய ஐ.நா. மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்கு 1980இல் இறக்கும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. அவருக்குப்பின் சிங்கப்பூரின் டொமி கோ முடித்து வைத்தார். பிபிஎன்ஜே பேச்சுவார்த்தையை முடித்து வைத்த ரெனா லீயும் சிங்கப்பூர்க்காரர்.

இனிக் கோப்பு. காப்பகம் ஒன்றுக்கான முன்மொழிவைத் தரப்பு நாடுகளே கொடுக்கலாம், தனியாகவோ சேர்ந்தோ. மீனவர் சங்கமோ பல்கலைக்கழகமோ தொண்டு நிறுவனமோ நேரடியாகக் கொடுக்க முடியாது. நாடு ஒன்றின் கை வேண்டும். கோப்பில் இருக்க வேண்டியவற்றை ஒப்பந்தத்தின் 19ஆம் உறுப்புரை வரிசைப்படுத்துகிறது. இடத்தின் புவியியல் விபரம், எந்த அளவுகோல்களின்படி அது தெரிவானது, அங்கே நடக்கும் மனித வேலைகளும் அவற்றின் பாதிப்பும், கடலின் தற்போதைய நிலை, காப்பகத்தின் நோக்கம், வரைவு முகாமைத்துவத் திட்டம், எத்தனை காலத்துக்கு, யார் யாரோடு கலந்து பேசப்பட்டது, வேறு அமைப்புகள் அங்கே ஏற்கெனவே வைத்திருக்கும் கட்டுப்பாடு, அறிவியல் ஆதாரமும் உள்ளூர் மக்களின் மரபறிவும். அளவுகோல்கள் முதலாம் இணைப்பில் இருபதுக்கு மேல் இருக்கின்றன: தனித்தன்மை, அருமை, உயிரினத்தின் வாழ்க்கைக் கட்டத்துக்கு உள்ள முக்கியத்துவம், இடங்களுக்கிடையிலான சூழலியல் தொடர்பு, மெதுவான மீட்சி என்று போகும். பொருளாதார, சமூகக் காரணிகளும் பண்பாட்டுக் காரணிகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. ஆமை வழிக்கு வாழ்க்கைக் கட்டமும் தொடர்பும் பொருந்தும். குமிழுக்கு உற்பத்தித்திறனும் சூழலியல் செயல்முறையும். எல்லா அளவுகோலிலும் புள்ளி வாங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்றை ஆதாரத்தோடு நிறுவுவது, பன்னிரண்டைத் தொட்டுவிட்டுப் போவதிலும் மேல்.

முதல் தவறு எல்லை இலக்கங்களிலேயே நடக்கும். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அகலாங்கு 7.50 பாகை என்றால் 7 பாகை 30 நிமிடம். அதை அவசரத்தில் 7 பாகை 50 நிமிடம் என்று ஒருவர் ஏற்றிவிட்டால் கோடு 20 நிமிடம் நகர்கிறது. அகலாங்கில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல். 20 மைல், 37 கிலோமீற்றர். இது பெரிய பிழை, யாராவது கண்டுபிடிப்பார்கள். சின்னப் பிழைதான் ஒளிந்திருக்கும். 7 பாகை 30.50 நிமிடம் என்பது 7 பாகை 30 நிமிடம் 30 செக்கன். அதை 30 நிமிடம் 50 செக்கன் என்று வாசித்தால் 20 செக்கன் பிசகு, ஏறத்தாழ 617 மீற்றர். படகிலுள்ள ஜிபிஎஸ் தசம நிமிடத்தில் காட்டும், வர்த்தமானியில் செக்கன் இருக்கும், கணினி வரைபடம் தசமப் பாகையில் கேட்கும். மூன்றும் ஒரே இலக்கத்தை மூன்று விதமாக உடுத்துகின்றன. ஆதலால் கோப்பில் ஒவ்வொரு மூலைப்புள்ளியையும் ஒரே வடிவத்தில் எழுதி, அளவீட்டு அடிப்படை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்றும் சொல்ல வேண்டும். பழைய வரைபடத்திலிருந்து எடுத்த புள்ளி நூற்றுக்கணக்கான மீற்றர் விலகி நிற்கக்கூடும்.

எல்லையின் வடிவமும் அப்படித்தான். ஆழக் கோட்டைப் பின்பற்றி நெளிந்து போகும் எல்லை அறிவியலுக்கு அழகு. சுக்கான் பிடிக்கிறவருக்கு அது தொல்லை. அகலாங்கு நெட்டாங்கை ஒட்டிய நேர்கோடுகள், குறைந்த மூலைகள், குறுகிய கை கால்கள் இல்லாத வடிவம். ஏன் குறுகியது கூடாது? படகிலுள்ள கண்காணிப்புக் கருவி மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடத்தை அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 நொட் வேகத்தில் ஓடும் படகின் இரண்டு புள்ளிகளுக்கிடையில் 6 மைல் இருக்கும். 5 மைல் அகலமான கை ஒன்றை அது கடந்துபோனாலும் ஒரு புள்ளிகூட உள்ளே விழாமல் போகலாம்.

தூண்டில் தொழிலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கோத்து மாலையில் விட்டால், விடிய இழுக்கும்வரை அது நீரோட்டத்தோடு மிதக்கும். ஒரு நொட் நீரோட்டம் போதும், பத்து மணித்தியாலத்தில் 10 மைல். கோட்டுக்கு வெளியே 4 மைலில் நேர்மையாக விட்ட தூண்டில் காலையில் 6 மைல் உள்ளே கிடக்கும். படகும் அதைத் தேடி உள்ளே போகும். கண்காணிப்பு அறையில் இருப்பவருக்கு அது திருட்டுத் தொழிலாகவே தெரியும். எனவே முகாமைத்துவத் திட்டம் எழுதுகிறவர்கள் எல்லைக்கு வெளியே ஒரு இடைவெளிப் பட்டையையும், மிதந்து வந்த தூண்டிலை இழுப்பதற்கான விதியையும் எழுதாமல் விடக்கூடாது. இயந்திரம் பழுதான படகும் இதே சிக்கலில் மாட்டும். ஓரிரு நொட்டில் மிதக்கும் படகு, வலை இழுக்கும் படகைப் போலவே திரையில் நடந்துகொள்ளும். பழுதை எத்தனை மணித்தியாலத்துக்குள், எந்த அலைவரிசையில், யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் ஆயிரம் தலையிடி குறையும்.

மனித வேலைகள் என்ற பகுதிதான் எங்கள் கரைக்கு மிக முக்கியமானது. கோப்பின் அந்தப் பக்கங்களில்தான் எங்கள் படகுகள் காணாமல் போகின்றன. உலக மீன்பிடி வரைபடங்கள் பெரும்பாலும், கப்பல் தன் இடத்தைத் தானாகவே அறிவிக்கும் ஏஐஎஸ் சமிக்ஞையைக் கொண்டு வரையப்படுகின்றன. சர்வதேசப் பயணத்தில் 300 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அது கட்டாயம். வாழைச்சேனையிலும் கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கமும் கட்டி நிற்கும் நாற்பது ஐம்பது அடிப் படகுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சர்வதேசக் கடலுக்குப் போக உரிமம் எடுத்த இலங்கைப் படகின் இடம் சற்றலைட் கண்காணிப்புக் கருவி வழியாகக் கடற்றொழில் திணைக்களத்துக்குப் போகிறது, பொதுவெளிக்கு அல்ல. இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழுவின் தரவில் தேடலாமே என்றால், அங்கே நீண்ட தூண்டில் தொழிலின் கணக்கு 5 பாகைக்கு 5 பாகைச் சதுரமாகத் தொகுக்கப்படுகிறது. எங்கள் சர்வதேசத் துண்டின் அகலமே நான்கு பாகை! ஒரு சதுரத்துக்குள் எங்கள் வலயமும் வெளிக்கடலும் ஒன்றாகக் குழைந்து கிடக்கும். தூரத்து அலுவலகமொன்றில் கோப்பு எழுதுகிறவர் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, இங்கே சிறுபடகு நடமாட்டம் குறைவு என்று எழுதினால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் முன்னால் இருந்த தாள் அப்படி.

முன்மொழிவு செயலகத்துக்குப் போனபின் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். செயலகம் அதைப் பகிரங்கப்படுத்தி அறிவியல் தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பும். முதல் பார்வையில் குறை இருந்தால் நாட்டுக்குத் திரும்பும். பிறகு கலந்தாலோசனை: எல்லோருக்கும் திறந்தது, ஆனால் காலவரையறை உண்டு. அயலிலுள்ள கரையோர நாடுகளின் கருத்தைக் குறிப்பாகக் கேட்க வேண்டும் என்று 21ஆம் உறுப்புரை சொல்கிறது. வங்காள விரிகுடா என்றால் அந்த அயலார் நாங்கள்தான். கருத்துகளை வைத்துத் திருத்திய கோப்பைக் குழு மதிப்பிட்டு மாநாட்டுக்குப் பரிந்துரைக்கும்.

மாநாட்டில் முதல் முயற்சி ஒருமனது. முடியவில்லை என்றால், முயற்சிகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானித்தபின், நான்கில் மூன்று பங்கு வாக்கால் காப்பகத்தை நிறுவலாம். 80 நாடுகள் வந்திருந்து வாக்களித்தால் முதலாவதற்கு 54, இரண்டாவதற்கு 60. அந்தாட்டிக் ஆணைக்குழுவில் ஒரே நாடு கையைத் தூக்கி எல்லாவற்றையும் நிறுத்தும் நிலை இங்கே இல்லை. இந்த ஒப்பந்தத்தின் மிகப் பெரிய ஆதாயம் இதுதான் என்பேன். தீர்மானம் 120 நாளில் அமுலுக்கு வரும். அதற்குள் ஒரு நாடு எழுத்தில் ஆட்சேபிக்கலாம், ஆனால் காரணம் மூன்றுக்குள் ஒன்றாக இருக்க வேண்டும்: ஒப்பந்தத்துக்கோ கடற்சட்டத்துக்கோ முரண், நியாயமற்ற பாகுபாடு, எல்லா முயற்சியும் செய்தும் நடைமுறையில் கடைப்பிடிக்க முடியாமை. ஆட்சேபித்த நாடு இயன்றவரை அதே பலன் தரும் மாற்று நடவடிக்கையை எடுக்க வேண்டும். ஆட்சேபனையை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

இந்த இறுக்கம் ஏன் தேவை என்பதற்குச் சூரை ஆணைக்குழுவே சாட்சி. அங்கேயும் 120 நாள் ஆட்சேபனை உண்டு, காரணக் கட்டுப்பாடு இல்லை. 2023 பெப்ரவரியில் மொம்பாசாவில், மீனைக் கூட்டும் மிதவைகளுக்கு வருடத்தில் 72 நாள் தடை கொண்டுவரும் தீர்மானம் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட உறுப்பினர் ஆட்சேபித்ததும் அது எவரையும் கட்டுப்படுத்தாத தாளாகிவிட்டது.

அந்த ஆணைக்குழுவை ஒதுக்கிவிட்டு இந்தக் கடலில் காப்பகம் அமைக்கவும் முடியாது. இருக்கும் அமைப்புகளின் அதிகாரத்தை பிபிஎன்ஜே மாநாடு மதிக்க வேண்டும், குலைக்கக் கூடாது என்று 22ஆம் உறுப்புரை கட்டிவைத்திருக்கிறது. சூரைக்கு விதி போட சீஷெல்ஸின் விக்டோரியாவில் இருக்கும் ஆணைக்குழுவிடம் பரிந்துரை போகும். கப்பல் வழிக்கு லண்டன், கனிமத்துக்குக் கிங்ஸ்டன். மூன்று கதவிலும் கோப்பு ஒரே நேரத்தில் தட்ட வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பார்ப்போம் என்றால் ஒஸ்பாரின் கதைதான். விரிகுடாவில் ஒரு வேறுபாடு இருக்கிறது. சூரை அல்லாத மீன்களுக்குச் சர்வதேசக் கடலில் கட்டுப்படுத்தும் விதி போடும் பிராந்திய அமைப்பு இங்கே இல்லை. தென்னிந்து சமுத்திர மீன்பிடி உடன்படிக்கையின் எல்லை இவ்வளவு வடக்கே வராது. அந்த வெற்றிடத்தில் மாநாட்டுக்குக் கை கொஞ்சம் நீளமாக இருக்கும்.

கடலடி தனிப் பிரச்சினை. நீர் எவருக்கும் சொந்தமில்லாமல் இருக்கும்போதே அதன் அடித்தரை ஒரு நாட்டுக்கு உரியதாக இருக்கலாம். சயா டி மல்ஹா மேட்டில் அப்படித்தான்: தரையை மொரீசியசும் சீஷெல்சும் 2012 முதல் கூட்டாக முகாமை செய்கின்றன, மேலேயுள்ள நீர் சர்வதேசக் கடல். பெரிய கடற்புல் மேடு, தரையும் நீரும் ஒன்றையொன்று பிடித்து வாழும் இடம். சட்டம் அதைக் கிடையாக வெட்டி வைத்திருக்கிறது. இலங்கையும் 2009 மே 8இல் 200 மைலுக்கு அப்பாலான கண்டத் திட்டுக்கு (நாட்டின் நிலத்தின் தொடர்ச்சியான கடலடித் தரைக்கு) உரிமை கோரி விண்ணப்பித்திருக்கிறது. தென் விரிகுடாவின் வண்டல் படிவு மிகத் தடிப்பானதால், அதற்கென்றே ஒரு தனிக் கணக்கு முறை 1982 மாநாட்டின் இறுதி ஆவணத்தில் சேர்க்கப்பட்டது. அந்த உரிமைகோரல் எல்லைக்குள் வரும் அஃபனாசி நிகிதின் கடலடி மலையில் கோபால்ட் தேட இந்தியா 2024 ஜனவரியில் கிங்ஸ்டனில் விண்ணப்பித்தது. அத்தகைய இடத்தில் காப்பகம் கேட்டால் ஆமைக்கும் திருக்கைக்கும் முன்னே எல்லைத் தகராறுதான் மேசைக்கு வரும். முதல் கோப்புக்கு அது நல்ல இடமில்லை. தகராறு இல்லாத, நீர்த்தம்பத்தை மட்டும் தொடும் இடத்தில் தொடங்குவதே புத்தி.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாகோஸ் இருக்கிறது. அது 200 மைலுக்கு உட்பட்ட கடல், சர்வதேசக் கடல் இல்லை. பிரித்தானியா 2010 ஏப்ரலில் அதைக் காப்பகமாக்கியது. மொரீசியசின் உரிமையை உரியபடி மதிக்கவில்லை, கலந்து பேசவில்லை என்று 2015 மார்ச்சில் நடுவர் மன்றம் தீர்த்தது. பவளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நடைமுறை தவறினால் தீர்ப்பில் தோற்க வேண்டிவரும். அந்தக் கடலில் பிடிபட்ட படகுகளில் இலங்கைப் படகுகள் பலவாக இருந்ததும் எங்களுக்கு மறந்திருக்காது.

குமிழுக்குத் திரும்புவோம். மே முதல் செப்டெம்பர் வரை எழுந்து நகரும் ஒன்றுக்கு வருடம் முழுதும் அசையாத பெட்டி பொருந்தாது. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்துக்கு மட்டும் மூடி, வாடைக்குத் திறக்கும் பருவகால எல்லையை முகாமைத்துவத் திட்டத்தில் எழுத ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதிலும் ஒரு சிக்கல்: குமிழின் பாதி எங்கள் வலயத்துக்குள். மாநாட்டின் கோடு 200 மைலில் நின்றுவிட வேண்டும். நாட்டுக் கடலைச் சேர்த்த முன்மொழிவை அது பார்க்கவே கூடாது. உள்ளே இருக்கும் பாதிக்கு இலங்கையே தன் சட்டத்தில் அதே மாதங்களுக்கு அதே விதியைப் போட்டாலொழிய, வெளியே மூடியது உள்ளே நெருக்கமாகும். ஒலுவில் துறைமுக வாயை மணல் மூடியபோது படகுகள் வாழைச்சேனைக்கு நெருக்கியடித்தது போல, முயற்சி இடம் மாறுமே தவிரக் குறையாது.

அவசரத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. 2020 செப்டெம்பர் 3இல் சங்கமன்கண்டிக்கு வெளியே நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது, ஏறத்தாழ 270,000 தொன் மசகெண்ணெயோடு. அது எங்கள் வலயத்துக்குள் நடந்தது. கோட்டுக்கு வெளியே அப்படி ஒன்று நடந்து உயிரினங்களுக்கு மீளாத கேடு வரும் என்றால், முழுக் கோப்புச் சடங்கும் இல்லாமல் அவசர நடவடிக்கை எடுக்கலாம். ஆகக்கூடியது இரண்டு வருடம் நிற்கும்.

இனி நடைமுறைக்கு வருவோம். கோப்பில் மரபறிவுக்கும் மனித வேலைக்கும் ஒதுக்கிய பக்கங்களை இந்தக் கரையிலிருந்து நிரப்ப, கடற்றொழிலாளர் சங்கமொன்று இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை பதிவேடுதான். மீன் படும் இடத்தை வெளியே சொல்ல எந்தத் தண்டையலும் விரும்பமாட்டார், அதில் தப்பில்லை. அதனால் படகின் பெயரோடு புள்ளியைக் கொடுக்க வேண்டாம். அரைப் பாகைச் சதுரமாகக் கூட்டி, மூன்று படகுக்குக் குறைவான சதுரத்தை வெறுமையாக விட்டுக் கொடுக்கலாம். எழுத வேண்டியவை: தூண்டில் விட்ட நேரமும் இடமும், இழுத்த நேரமும் இடமும், தூண்டில் எண்ணிக்கை, பிடிபட்டது, பிடிபட்டு விட்டுவிட்ட ஆமை, சுறா, அவை உயிரோடு போயினவா என்பது. விட்ட இடத்துக்கும் இழுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசமே அந்த மாதத்து நீரோட்டக் கணக்கு. இடைவெளிப் பட்டை எத்தனை மைல் வேண்டும் என்று கேட்கப்படும்போது காட்டக்கூடிய ஒரே ஆதாரம் அதுதான். ஒரு பருவம் போதாது, இரண்டு கச்சானும் இரண்டு வாடையும் வேண்டும்.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரியை முன்கூட்டியே அச்சடித்துவிட வேண்டும்: இந்தப் புத்தகத்தில் எல்லா இடங்களும் பாகையும் தசம நிமிடமும். அந்த வரி இல்லாவிட்டால் மேலே சொன்ன 37 கிலோமீற்றர் மறுபடி வந்து நிற்கும்.